கோடுக்குள் சிக்கிய மாமாவின் நம்பர்

என் மாமனாருக்கு மாடு என்றால் ஆகாது. முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு தடவை செக்கானூரணியில் டீ குடிக்க இறங்கியபோது, ஒரு செவலைப் பசு பின்னாலிருந்து முட்டி அவரை டிக்கெட் பையோடு சாக்கடையில் தள்ளிவிட்டதாம். அன்றிலிருந்து தெருவில் மாடு வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அப்படிப்பட்டவர் மூன்று வாரம், மதுரைக்கு மேற்கே இருக்கிற ஊர்களின் மாடுகளுக்கெல்லாம் உதவி எண்ணாக இருந்தார். அதற்குக் காரணம் நான்தான். நான் எழுதிய ஒரே ஒரு வரி.

சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் குடம் மொத்தமாக விற்கும் கடைக்கு மேல் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ். மொத்தம் ஆறு பேர். படிக்கட்டில் பாதியைக் குடங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். லேப்டாப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் ஏறவேண்டும். வெளியூர் வாடிக்கையாளரோடு வீடியோ காலில் பேசும்போது கீழே லாரி ரிவர்ஸ் எடுத்தால், "உங்க ஆபீஸ்ல ஏதாவது எமர்ஜென்சியா?" என்று கேட்பார்கள். எங்கள் முதலாளி என்னைவிட நாலு வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நான் மறுபடி வேலைக்கு வந்தபோது, "ஜாவா மறந்திருக்குமாக்கா?" என்று ஒரே கேள்வி கேட்டார். "சைக்கிள் மாதிரிதான்" என்றேன். சைக்கிளும் எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை அவர் கேட்கவில்லை.

அப்போது ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனிக்காக வேலை செய்துகொண்டிருந்தோம். அவர்களிடம் தீவனம் வாங்குகிற விவசாயி, செல்போனில் பதிவு செய்தால் மாட்டு டாக்டர் வீடு தேடி வருவார். பதிந்ததும் ஒரு குறுஞ்செய்தி போகும்: "உங்கள் பதிவு ஏற்கப்பட்டது. டாக்டர் வருவார். விவரங்களுக்கு இந்த எண்ணை அழைக்கவும்." அந்தச் செய்தியை அனுப்பும் பகுதி என் பொறுப்பு.

எந்த எண்ணை அழைப்பது என்று மட்டும் கம்பெனியில் சொல்லவில்லை. கேட்டால் நாளைக்குத் தருகிறோம் என்றார்கள். நாளை என்பது அவர்கள் ஊரில் எப்போது வரும் என்று தெரியவில்லை. சோதித்துப் பார்க்க எனக்குப் பத்து இலக்கம் வேண்டும். என் நம்பரையே போட்டிருக்கலாம். ஆனால் என் விரலுக்கு வேறு ஒரு நம்பர்தான் பழக்கம். கல்யாணமாகி விளாங்குடிக்கு வந்த நாளிலிருந்து கேஸ் பதிவு, ரேஷன் கார்டு, மகளின் பள்ளிக்கூடம், எந்த விண்ணப்பமாக இருந்தாலும் மாமா நம்பர்தான். குடும்பத் தலைவர் என்றால் அவர்தானே. நான் ஆன்லைனில் ஒரு நைட்டி வாங்கினாலும் ஓடிபி அவருக்குத்தான் போகும். ஆபீசிலிருந்து கூப்பிட்டு, "மாமா, ஒரு நம்பர் வந்திருக்கும், வாசிங்க" என்பேன். பஸ்ஸில் ஸ்டாப் பேர் சொல்கிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார்.

ஆக அந்தப் பத்து இலக்கம் என் கையிலிருந்து தானாக வந்து விழுந்தது. நான் எழுதிய புரோகிராம் கோடுக்கு நடுவில், மாறாத மதிப்பு என்று பெரிய எழுத்தில் அறிவித்து உட்கார வைத்தேன். மேலே 'பிறகு மாற்றவும்' என்று ஒரு குறிப்பும் எழுதினேன். 'பிறகு மாற்றவும்' என்று எழுதி வைத்த எதையும் இந்த உலகத்தில் யாரும் மாற்றியதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை அது மதுரைப் பக்கத்து விவசாயிகளின் பயன்பாட்டுக்குப் போனது. கம்பெனிக்காரர்கள் உதவி எண்ணை எப்போதோ மெயிலில் அனுப்பியிருந்தார்கள். நான் அதைப் பார்த்து, நட்சத்திரக் குறி போட்டு வைத்து, மறந்திருந்தேன்.

அந்த வாரத்திலிருந்து வீட்டில் மாமா நடவடிக்கை சரியில்லை. ஓய்வு பெற்ற பிறகு பத்து மணிக்கு முன்னால் சட்டை போடாத மனிதர், எட்டு மணிக்கே சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, சிக்னல் கிடைக்கிற ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டீ ஆறினாலும் கவனிப்பதில்லை. போன் அடித்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் என்னவோ எழுதினார். நான் உள்ளே போனால் கவிழ்த்து வைத்தார்.

என் கணவரிடம் சொன்னேன். "ரியல் எஸ்டேட்டா இருக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இல்ல, வேற ஏதாச்சுமா?" என்று இழுத்தார். "எழுபதை நெருங்குற மனுஷனுக்கு வேற என்னங்க?" என்றேன். ஒரு நாள் கதவுக்கு வெளியே, "பதறாத தாயி, அது சாயங்காலத்துக்குள்ள போட்டுரும்" என்று மாமாவின் குரல் கேட்டது. அவர் வெளியே வந்தபோது நான் துடைத்த மேடையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் அந்த மாட்டு டாக்டரே எங்கள் ஆபீசுக்கு வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ரப்பர் பூட்ஸைப் படிக்கட்டில் கழற்றி வைத்திருந்தார். குடக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் மாடியைப் பார்த்து முறைத்தார்.

"உங்க ஹெல்ப்லைன் சார நேர்ல பாக்கணும்" என்றார் டாக்டர்.

"எந்த சார்?" என்றார் முதலாளி.

"அவர்தாங்க, சத்தமா பேசுவாரே. உங்க சாஃப்ட்வேர் எனக்குக் குடுக்குற வரிசைப்படி போனா காலைல வாடிப்பட்டி, அடுத்து திருமங்கலம், மறுபடி சோழவந்தான்னு பம்பரமாச் சுத்தணும். அவரு மாட்டுக்காரங்ககிட்ட எம் நம்பர வாங்கி காலைல போன் பண்ணி, 'டாக்டரே, அதக் கிழிச்சுப் போடு. மொதல்ல பரவை, சமயநல்லூரு, வாடிப்பட்டி முடி. திரும்புறப்ப சோழவந்தான். திருமங்கலத்துக்காரன நாளைக்கின்னு சொல்லிட்டேன், அவன் மாட்டுக்கு ஒண்ணும் அவசரமில்ல'ங்கிறாரு. மத்தியானம் வீட்டுச் சோறு சாப்பிடுறேங்க இப்ப."

முதலாளி என்னைப் பார்த்தார். அதே வாரத்தில்தான் தீவனக் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. எங்கள் கால் சென்டருக்கு மதுரையிலிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லையே, நீங்கள் செய்தி அனுப்புகிறீர்களா இல்லையா என்று கேட்டிருந்தார்கள். முதலாளி டாக்டரின் போனை வாங்கி, அந்த ஹெல்ப்லைன் நம்பரை எங்கள் கோடில் தேடினார். கிடைத்தது. எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டிக்கொடுக்க ஒரு கட்டளை உண்டு. கொஞ்சமும் நாசூக்கில்லாமல் அதற்கு 'பிளேம்', அதாவது பழி, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத் தட்டினார். என் பெயர் வந்தது.

"அக்கா, இது யாரு நம்பரு?"

"எங்க மாமாவுது."

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சரிக்கா. நம்பரக் கோடுல இருந்து எடுத்து வெளிய ஃபைல்ல வச்சிரு. அங்கேருந்து பீனுக்கு இன்ஜெக்ட் பண்ணிரலாம்."

"எதுக்கு ஊசி?" என்றார் டாக்டர்.

"பீனுக்கு சார்."

"பீன்ஸுக்கா?"

அவருக்கு நான்தான் விளக்கினேன். ஜாவாவில் வேலை செய்கிற ஒவ்வொரு பொருளையும் பீன் என்பார்கள். நல்ல பீன் தனக்கு வேண்டியதைத் தானே வைத்திருக்காது, தேடியும் போகாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் எழுந்து சமையல்கட்டுக்குப் போவதில்லையே. இலை போட்டால் பரிமாறுகிறவர் வருவார். அப்படி வெளியே ஒரு ஃபைலில் 'உதவி எண் இது' என்று எழுதி வைத்தால், பீன் உருவாகும்போதே அந்த மதிப்பை அதன் இலையில் வைத்துவிடுவார்கள். நாளைக்கு எண் மாறினால் ஃபைலில் மட்டும் மாற்றினால் போதும். கோடில் கை வைக்க வேண்டாம். நான் செய்தது, பந்திக்கு வருகிறவனே சட்டைப் பைக்குள் சாம்பாரை ஊற்றிக்கொண்டு வந்த மாதிரி. டாக்டர் தலையாட்டினார். "ஹெல்ப்லைனுக்கு அவரையே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு பூட்ஸைத் தேடிப் போனார்.

அன்று சாயங்காலம் மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "தாயி, இப்பிடி உக்காரு" என்றார். பத்து வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. காலண்டர் தாள்களை எடுத்து எனக்கு முன்னால் பரப்பினார். ஒவ்வொரு தாளும் ஒரு ரூட். மேலே கடைசி ஸ்டாப்பின் பெயர். அதற்குக் கீழே வரிசையாக ஊர், வீட்டு அடையாளம், மாட்டுக்கு என்ன என்று. 'கருமாத்தூர், தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு, மடி வீக்கம்.' 'மேலக்கால், ஆலமரத்து ஸ்டாப், எருமை திங்க மாட்டேங்குது.'

"இம்புட்டு நாளா உங்கிட்ட சொல்லல. பழகிட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன்" என்றார். "மொதல் நாளு ஒருத்தன் கூப்புட்டு, மாட்டுக்கு டாக்டர் எப்ப வருவாருன்னான். ராங் நம்பர்னு வச்சிட்டேன். நாலு பேரு அப்பிடிக் கேக்கவும், நீ ஆபீஸ்ல மாட்டு வேலையத்தான் பாக்குறன்னு நெனப்பு வந்துச்சு. சரி, வீட்டுல சும்மா கெடக்கானே மனுசன்னு நீதான் போட்டுருக்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். எம்மகனுக்கே தோணல பாரு."

"சாப்பிட வாங்க மாமா" என்றேன். அதைவிடக் கோழைத்தனமான ஒரு வாக்கியத்தை என் வாழ்க்கையில் நான் பேசியதில்லை.

மறுநாள் அவரிடம் சொல்லாமலேயே வேலையை முடித்தேன். கோடிலிருந்து நம்பரை அழித்தேன். வெளியே ஒரு ஃபைல் வைத்து, ஹெல்ப் டாட் போன் என்ற பெயருக்கு எதிரே கால் சென்டர் நம்பரை எழுதினேன். பீனில் அந்த மதிப்பு வந்து விழ வேண்டிய இடத்தில், டாலர் குறி போட்டு, வளைந்த அடைப்புக்குறிக்குள் அதே பெயரை எழுதினேன். சர்வர் அதைப் பார்த்து அந்த இடத்தில் நம்பரை வைத்துவிடும் என்பது ஏற்பாடு. என் கம்ப்யூட்டரில் சோதித்தேன். அழகாக வேலை செய்தது. சர்வரில் ஏற்றிவிட்டு, குற்ற உணர்ச்சியை அடக்க இரண்டு வடை சாப்பிட்டேன்.

மத்தியானம் மாமா கூப்பிட்டார்.

"தாயி, டாலர்னு ஒண்ணு வருதாம்ல?"

"என்ன மாமா?"

"விக்கிரமங்கலத்துலருந்து ஒரு பொம்பள கூப்புட்டுச்சு. போன வாரம் அது மாட்டுக்கு நாந்தேன் ஆளு அனுப்புனேன், எம் நம்பர வச்சிருக்கு. இன்னைக்கு வந்த மெசேஜுல, விவரங்களுக்குன்னு போட்டு டாலரு, வளைச்சு ஒரு கோடு, ஹெல்ப்பு, புள்ளி, போனு, திருப்பி வளைச்சு ஒரு கோடு, இதக் கூப்புடுன்னு போட்டுருக்காம். 'அண்ணே, டாலர எந்தப் பட்டன்ல அமுக்குறது'ங்குது. அமெரிக்காக்காரன் மாட்டு டாக்டரு அனுப்புறானான்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

நம்பரை வைக்க வேண்டிய இடத்தில் யாருமே வைக்கவில்லை. இலையில் இருந்த குறிப்பையே சாப்பாடு என்று விவசாயிகளுக்கு அனுப்பியிருக்கிறது. காரணம் என் முட்டாள்தனம்தான். எங்கள் சர்வரில் பீன்கள் இரண்டு தனித்தனிக் குழுக்களாக இருந்தன. ஃபைலைப் படித்துப் பரிமாறுகிற ஆளை ஒரு குழுவில் மட்டும் சொல்லி வைத்திருந்தேன். செய்தி அனுப்புகிற பீன் இருந்ததோ மற்றக் குழுவில். என் கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சோதித்ததால் தவறு தெரியவில்லை. கேட்ட மதிப்பு கிடைக்காவிட்டால் கத்து என்றும் நான் சொல்லி வைக்கவில்லை. அதனால் சத்தமில்லாமல் டாலரை அனுப்பிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் இரண்டு குழுவுக்கும் ஏற்பாடு செய்தேன். இனி மதிப்பு கிடைக்காவிட்டால் சர்வர் எழுந்திருக்கவே கூடாது என்றும் எழுதி வைத்தேன். அந்த அரை மணி நேரமும் மாமாதான் சமாளித்தார். அவர் நம்பரை வைத்திருந்தவர்கள் அவரையே கூப்பிட்டார்கள்.

சரியாகிவிட்டது என்று சொல்லப் போன் செய்தபோது, அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "ஆமா, டாலர் வந்த எடத்துல எம் நம்பருதான் இருந்துச்சு. எதுக்கு தாயி மாத்துன?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன் மாமா."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நான் நினைத்துப் போடவில்லை, மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று. மெயில் வந்ததையும் நட்சத்திரம் போட்டதையும்கூடச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, எனக்குன்னு நீ போடல."

"இல்ல மாமா."

"தப்பா வந்ததுதான்."

"ஆமா மாமா."

"தப்பான பஸ்ல ஏறுனவன நடுவழியில எறக்கி விட்டது இல்ல நானு. நாளைக்கி நாலு ஊரு சொல்லி வச்சிருக்கேன், அத முடிச்சுக் குடுத்துருறேன்" என்றார். காலண்டர் தாள்களை அடுக்கிப் பழைய பேப்பர் கட்டில் வைத்தார். மறுநாள் அந்த நாலு ஊரையும் முடித்தார். அதற்கு அடுத்த நாள் பத்து மணி வரைக்கும் சட்டை போடவில்லை.

என்னிடம் அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருந்தால் தேவலை. மரியாதையாகப் பேசினார். "தண்ணி வேணுமாம்மா" என்றெல்லாம் கேட்டார். தாயி என்ற வார்த்தை காணாமல் போனது. ஆபீசில் என் கோடு சுத்தமாக இருந்தது. பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி எல்லாம் ஃபைலிலிருந்து வந்து அதனதன் இடத்தில் விழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

பத்து நாள்தான் போனது. டாலரை எந்தப் பட்டனில் அமுக்குவது என்று கேட்ட அதே விக்கிரமங்கலத்துப் பெண், காலையில் மாமாவைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். எருமை கன்று போட முடியாமல் கிடக்கிறது. கால் சென்டரில் சொன்னதற்கு டாக்டர் கிளம்பிவிட்டார் என்றார்களாம், ஒருவரையும் காணோம். மாமா நம் டாக்டரைக் கூப்பிட்டார். அவருக்குச் செய்தியே வரவில்லை. வெளியூரில் உட்கார்ந்திருந்த கால் சென்டர்க்காரர் மேப்பில் தேடி, அரியலூர்ப் பக்கம் இருக்கிற இன்னொரு விக்கிரமங்கலத்துக்கு அங்கிருக்கும் டாக்டரை அனுப்பியிருந்தார். அந்த டாக்டர் அங்கே இல்லாத எருமையைத் தேடி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டரே, எங்க நிக்கிற?"

"நாகமலையில சார்."

"செக்கானூரணி போயி வலது கைல ஒடி. நிக்காம போ. ஊருக்குள்ள போயி போனப் போடு, வீட்ட நான் சொல்றேன்."

சட்டைகூட இல்லாமல் ஜன்னல் ஓரத்தில் நின்று அவர் கத்தியதைத் தெருவே கேட்டது. நான் ஆபீசுக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். கன்று தலை திரும்பிக் கிடந்ததாம். உள்ளே கைவிட்டு நேராக்கி இழுத்திருக்கிறார். தாயும் கன்றும் பிழைத்துவிட்டன. மாமா போனை வைத்துவிட்டு, "கெடேரிக் கன்னாம்" என்று என்னிடம் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேர்வ" என்றார்.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. தீவனக் கம்பெனிக்குக் காரசாரமாக எழுதிவிட்டார். நாலு நாள் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஏரியாவுக்கு ஒரு நம்பர் வேணுமாம். மதுரை மேற்குக்கு உங்க மாமாவேதான் வேணும்னு டாக்டரு ஒத்தக் கால்ல நிக்காரு. எம்புட்டு நாளாகும்?"

"அஞ்சு நிமிசம்" என்றேன். அந்த அஞ்சு நிமிஷத்தில் ஒரு நிமிஷம், மாமாவின் பத்து இலக்கத்தை இரண்டு தடவை சரிபார்க்க. இந்த முறை மறதி இல்லாமல், நினைத்துப் போட்டேன்.

மாமா உடனே சம்மதித்துவிடவில்லை. கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும் என்றார். வந்தார்கள். நிபந்தனைகள் சொன்னார். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை அவர் தூங்குவார், அப்போது கால் சென்டர் நம்பர்தான் போக வேண்டும். கார்த்திகை அன்று திருப்பரங்குன்றம் போவார், அன்றும் அப்படியே. நான் தூக்க நேரத்துக்கு ஒரு மதிப்பு, லீவு நாளுக்கு ஒரு மதிப்பு என்று ஃபைலில் சேர்த்து, அதையும் பீனுக்கு இன்ஜெக்ட் செய்தேன். உலகத்திலேயே ஒரு மாமனாரின் மத்தியானத் தூக்கத்தை கான்ஃபிகரேஷனில் வைத்திருக்கிற ஒரே ஜாவா அப்ளிகேஷன் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இப்போது கால் சென்டரில் இருக்கிற ஒரு பெண்ணும் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுகிறாள். "புதுக்கோட்டைன்னா எந்தப் புதுக்கோட்டை, கேட்டியா? நாகமலைப் புதுக்கோட்டையா, ஜில்லா புதுக்கோட்டையா? கேக்காம எப்பிடி ஆளனுப்புவ?" என்று இவர் கத்துவதும், அவள் சிரிப்பதும் சமையலறை வரை கேட்கும்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "தாயி, பரவையில கோழிக்கும் டாக்டர் வருவாரான்னு கேக்குறாங்க."

"நம்ம சாஃப்ட்வேர்ல கோழி இல்ல மாமா."

"இல்லன்னா போடு. நாளைக்கிக் காலைல சொல்றேன்னு அவங்கள்ட்ட சொல்லிட்டேன்" என்று ரசம் கேட்டார்.